தாத்தாவின் பெட்டியை எந்த மியூசியத்துக்குக் கொடுப்பது?

ஏற்காட்டில் தாத்தா வாழ்ந்த எஸ்டேட் வீடு தை மாதம் கைமாறப் போகிறது, அங்கே இருக்கும் பழைய பொருட்களை டெல்லியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாமா, வாங்கிக்கொள்வார்களா, பணம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியலும் கொடுத்திருக்கிறீர்கள்: வழுவழுப்பான கற்கள் ஐந்து, கண்ணாடி மூடி போட்ட பட்டாம்பூச்சிப் பெட்டி, சுவரில் மாட்டிய காட்டெருமைத் தலை, மூங்கில் கூடைகள் சில, தானியம் அளக்கும் மர வள்ளம் ஒன்று, காபிப் பழத்தின் தோலை உரிக்கக் கையால் சுற்றும் பல்ப்பர், எஸ்டேட் கணக்குப் புத்தகங்கள். "தேசிய அளவில் இருந்தால்தான் மரியாதை, சேலத்தில் கொடுத்தால் மூலையில் போட்டுவிடுவார்கள்" என்று உங்கள் அண்ணன் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டெல்லியா சேலமா என்ற கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. தாத்தா சேர்த்து வைத்தது யார் கையில் போனால் அடுத்த தலைமுறைக்கும் பயன்படும் என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் மாநில அருங்காட்சியகத் துறையில் காப்பாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பிரிவு தொல்லியல். கற்களைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். பூச்சிகளைப் பற்றிச் சொல்வது பக்கத்துப் பிரிவில் இருந்தவர்களோடு சேர்ந்து வேலை செய்ததில் கற்றுக்கொண்டது. காட்டெருமைத் தலை விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று காட்டுகிறேன், ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

முதலில் டெல்லி. தொல்லியல், மக்கள் பண்பாடு, இயற்கை வரலாறு மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் தேசிய அருங்காட்சியகங்கள் சில நாடுகளில் உண்டு. டெல்லியில் அப்படி இல்லை. ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம் 1949 ஆகஸ்ட் 15 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையில் தொடங்கி, 1960 டிசம்பரில் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. அது தொல்லியலுக்கும் கலைக்குமான இடம். பட்டாம்பூச்சிக்கும் காட்டெருமைக்கும் அங்கே வேலை இல்லை. இயற்கை வரலாற்றுக்கென்று டெல்லியில் 1978இல் தனியாக ஒரு தேசிய அருங்காட்சியகம் திறந்தார்கள். 2016 ஏப்ரல் 26 அன்று நடந்த தீ விபத்தில் அது எரிந்துபோனது. அதன் வட்டார அருங்காட்சியகம் ஒன்று மைசூரில் இருக்கிறது. மக்களின் வாழ்க்கைமுறைக்கு என்றால் போபாலில் இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம். ஆக, உங்கள் அண்ணன் சொல்கிறபடி செய்தால் தாத்தாவின் பெட்டி ஒரே இடத்துக்குப் போகாது, வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறும்.

மூன்றையும் சேர்த்து வைக்கும் பழைய வழக்கம் இந்தியாவில் இரண்டு இடங்களில் நன்றாகத் தெரியும். ஒன்று 1814இல் தொடங்கிய கல்கத்தா இந்திய அருங்காட்சியகம். இன்னொன்று 1851இல் தொடங்கிய நம் எழும்பூர் அருங்காட்சியகம். சோழர் செப்புத் திருமேனி, அமராவதிப் பளிங்குச் சிற்பம், திமிங்கல எலும்புக்கூடு, பழங்குடியினரின் பொருட்கள், நாணயம், செடி கொடி எல்லாம் ஒரே வளாகத்தில். இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. சேலத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகமும் எழும்பூரும் ஒரே துறையின் கீழ் வருபவை. சேலத்தில் கொடுத்தால் சேலத்தோடு முடிந்துவிடுவதில்லை. அங்கே இருக்கும் காப்பாட்சியருக்குத் தன் துறையைச் சேராத ஒரு பொருள் வந்தால், அதைத் தெரிந்தவர்களுக்கு எழும்பூருக்கு எழுதிக் கேட்பார். அதனால் உங்கள் முதல் கதவு சேலம்தான். தயங்க வேண்டாம்.

சரி, கற்களுக்கு வருவோம். உங்கள் பட்டியலில் என் மனம் நின்ற இடம் அதுதான். நீங்கள் அனுப்பிய படங்களில் தெரியும் ஐந்தில் மூன்று, சந்தேகமே இல்லாமல் புதிய கற்காலத்துக் கற்கோடாரிகள். எப்படிச் சொல்கிறேன் என்றால், அவற்றின் உருவத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு முனை அகன்று வெட்டுவாயாக முடிகிறது, மறுமுனை ஒடுங்கி மழுங்குகிறது, இரண்டு முகமும் நடுவில் லேசாகப் புடைத்து வெட்டுவாயில் சமமாக வந்து சேர்கின்றன. ஆற்றில் உருண்ட கூழாங்கல் எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் அதற்கு வாய் இருக்காது. செய்யும் முறை நான்கு படி: முதலில் செதில் செதிலாகப் பெயர்த்து உருவம் கொண்டுவருவார்கள், பிறகு இன்னொரு கல்லால் பொடிப் பொடியாகக் கொத்தி மேடு பள்ளத்தைச் சமன் செய்வார்கள், அப்புறம் பாறையில் தண்ணீரும் மணலும் விட்டுத் தேய்ப்பார்கள், கடைசியாக மெருகேற்றுவார்கள். நிறைய கோடாரிகளில் வெட்டுவாய்ப் பக்கம் மட்டும் மெருகு இருக்கும், பிடிப் பக்கம் கொத்திய தடம் அப்படியே இருக்கும். மரக் காம்பில் செருகும் பகுதி சொரசொரப்பாக இருந்தால்தான் வழுக்காமல் நிற்கும். உங்கள் இரண்டாவது படத்தில் இது அச்சாகத் தெரிகிறது. அந்தக் கல்லை ஜன்னல் ஓரம் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். வாயின் மேல் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். அது தேய்த்த கையின் தடம். வாயின் ஒரு மூலையில் பிறை போலச் சின்னதாக ஒரு சில் பெயர்ந்திருக்கிறது. பயன்படுத்தும்போது பெயர்ந்ததாக இருக்கலாம், உழவு மண்வெட்டி பட்டதாகவும் இருக்கலாம். பெயர்ந்த இடத்தின் நிறம் மற்ற இடத்தைப் போலவே மங்கியிருந்தால் பழைய உடைவு. உள்ளே கல் புதிதாகக் கறுத்துத் தெரிந்தால் சமீபத்தில் பட்ட அடி.

நான்காவது கல் அம்மிக் குழவியின் உடைந்த துண்டு என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஐந்தாவதைப் படத்தில் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதன் விளிம்பைத் தனியாக, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள்.

வயது எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். கல்லைச் சோதித்து வயது சொல்லும் வழி இதற்குக் கிடையாது. கரி, எலும்பு, தானியம் போன்றவை அதே மண்ணடுக்கில் கிடைத்தால்தான் காலம் கணிக்க முடியும். நம் பகுதியில் அப்படி முறையாகத் தோண்டிய இடங்கள் சில உண்டு. திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் 2021இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது, இரும்பு கிடைத்த அடுக்கு ஒன்றுக்கு கி.மு. 2172 என்று காலம் கிடைத்தது. புதிய கற்கால மக்கள் அங்கே அதற்கும் முன்பே இருந்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் கோடாரிகள் நான்காயிரம் ஆண்டையொட்டிய காலத்தவை என்று சொன்னால் பெரிய தவறு இருக்காது. ஆனால் தனியாகக் கிடைத்த கல்லுக்கு ஒரு நூற்றாண்டைக் குறிப்பிட்டுச் சொல்பவரை நம்பாதீர்கள். இரும்பு வந்த பிறகும் மலைப்பகுதிகளில் கல் உடனே கைவிடப்பட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் மாவட்டத்திலேயே மேட்டூர்ப் பக்கம் மாங்காட்டில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 1604க்கும் 1416க்கும் இடைப்பட்ட காலம் சொல்லியிருக்கிறார்கள். அதே காலத்தில் மேலே, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் யாரோ கற்கோடாரி பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் உங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் கற்கால மனிதன் இருந்தான் என்று காட்டியவர். நிலவியல் துறையில் வேலை பார்த்த அவர் ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் குடியிருந்தார். தமிழறிஞரான பீட்டர் பெர்சிவல் இவருடைய மாமனார். பெர்சிவல் இறந்ததும் ஏற்காட்டில்தான். 1912 டிசம்பரில் ஃபுட் கல்கத்தாவில் இறந்தார், ஆனால் அவர் நினைவுக்கல் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து போய்ப் பார்க்கும் தூரம்தான், பார்த்திருக்கிறீர்களா தெரியவில்லை. அவர் வாழ்நாள் முழுதும் சேர்த்த தொல்பொருட்களை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. சேர்வராயன் மலைக் கற்கோடாரிகளும் அதில் உண்டு. அந்தத் தொகுப்பு நூறு ஆண்டு கடந்தும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுவதற்குக் காரணம் கற்களின் அழகு இல்லை. எது எந்த ஊரில், எந்த ஆற்றங்கரையில், எந்தக் குன்றின் மேல் கிடைத்தது என்று அவர் எழுதி வைத்தார். அட்டவணை அச்சாகி வந்தது. இன்று ஒரு மாணவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய் நிற்க முடிகிறது.

இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிடைத்த இடம் தெரியாத கற்கோடாரி எந்த மியூசியத்துக்குப் போனாலும் பாதி ஊமைதான். டெல்லிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் அது "தென்னிந்தியா, கற்கோடாரி" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். இடம் தெரிந்த கல் சேலத்து இருப்பறையின் இரும்பு அலமாரியில் இருந்தாலும் ஒருநாள் யாராவது தேடிக்கொண்டு வருவார்கள். உங்கள் அண்ணன் மரியாதை என்று சொல்வது இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தாத்தா ஒரு தாளில் "செம்மடுவு பக்கம்" என்று பென்சிலால் எழுதி ஒரு கல்லோடு வைத்திருந்ததாகச் சொன்னீர்களே, அந்தத் தாள் கல்லுக்குச் சமமான பொருள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கல்லோடு பசை போட்டு ஒட்டவும் செய்யாதீர்கள். எந்தக் கல்லோடு இருந்தது என்பது தெரியும்படி இரண்டையும் சேர்த்து ஒரு படம், பிறகு ஒரே உறையில் இரண்டும்.

மற்ற இரண்டு கோடாரிகளுக்குத் தாள் இல்லை. அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். எஸ்டேட்டில் ரைட்டராகவோ மேஸ்திரியாகவோ இருந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் யாராவது இருப்பார்கள். கற்களைக் கையில் எடுத்துக்கொண்டுபோய்க் கேளுங்கள். போனில் கேட்டால் "தெரியாது சாமி" என்பவர்கள், கல்லைக் கையில் வாங்கியதும் "இது மேல்காட்டில் குழி வெட்டும்போது வந்தது" என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். காபிச் செடிக்குக் குழி வெட்டும்போது கிடைத்ததா, ஓடையில் கிடைத்ததா, கோயிலில் இருந்ததா, இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே பெரிய லாபம். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, அவர் பெயர், தேதி போட்டு வையுங்கள். "சொன்னார்" என்றே எழுதுங்கள், உறுதியானதைப் போல மாற்றி எழுத வேண்டாம்.

கோயில் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சேர்வராயன், ஜவ்வாது மலைகளில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் நிலத்தில் கிடைக்கும் கற்கோடாரிகளைப் பிள்ளையார் முன்போ மரத்தடிச் சாமி முன்போ அடுக்கி வைத்துக் கும்பிடுவது பழைய வழக்கம். உங்கள் முதல் கல்லில் செந்நிறக் கறை தெரிகிறது. அது குங்குமமா, சேர்வராயன் மலையின் சிவந்த மண்ணா என்று படத்தில் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நீங்களே ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். மண் என்றால் கொத்திய குழிகளுக்குள் எல்லாப் பக்கமும் சமமாக இறங்கியிருக்கும். குங்குமம் என்றால் ஒரு முகத்தில் மட்டும், சில சமயம் எண்ணெய்ப் பிசுக்கோடு, மஞ்சள் கலந்து இருக்கும். குங்குமம் என்று தோன்றினால் அந்தக் கல் ஒரு காலத்தில் ஒரு ஊரின் சாமியாக இருந்திருக்கலாம். அப்படி இருந்து, எந்த ஊர் என்றும் தெரிந்தால், மியூசியத்துக்கு எழுதும் முன் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். அவர்கள் திரும்பக் கேட்டால் கொடுப்பதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். என் துறையில் இதை ஏற்காதவர்களும் உண்டு. கோயிலில் இருந்தால் களவு போகும், பெயிண்ட் அடிப்பார்கள் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். அளவு, படம், இடம் எல்லாம் பதிவு செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் ஆய்வுக்கு வேண்டியதில் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டுவிடும்.

எப்படியிருந்தாலும் கழுவாதீர்கள். சோப்பு, ஆசிட், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். வீட்டில் பித்தளை, செம்புச் சாமான்களும் இருக்கிறது என்றால் புளி போட்டுத் தேய்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். பல நூற்றாண்டுகளாக மேலே படிந்த பச்சைப் பூச்சு அந்தப் பொருளின் வரலாறு. அது ஒரு காலையில் போய்விடும்.

பணம் பற்றிய கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. மண்ணுக்குள் மறைந்திருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் வழியாக அது மேலே போகும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அரசு எடுத்துக்கொள்வதாக இருந்தால் பொருளின் மூல மதிப்பும் (அது எதனால் செய்யப்பட்டதோ அதன் மதிப்பு), அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலும் தரலாம் என்கிறது சட்டம். தங்கக் காசு என்றால் அது ஒரு தொகை. கல்லுக்கு மூல மதிப்பு என்று என்ன வரும்? பணமாக ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். வெளியில் விற்கலாமா என்றால், 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த தொல்பொருளை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு. "எவ்வளவு போகும் பார்க்கலாம்" என்று ஆன்லைனில் படம் போட்டு விலை கேட்டுவிடாதீர்கள். தாத்தா காலத்தில் கிடைத்தது என்றாலும், சேலம் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதும்போது நகல் ஒன்றைத் தாசில்தாருக்கும் அனுப்பிவிடுங்கள். பின்னால் எந்தப் பேச்சும் வராது.

பட்டாம்பூச்சிப் பெட்டியை நீங்கள் பட்டியலில் பத்தோடு ஒன்றாகச் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ மொத்தச் சேகரிப்பிலும் அறிவியலுக்கு அதிகம் உதவப்போவது அதுவாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஊசியில் குத்திய பூச்சிகளுக்குக் கீழே சின்னத் துண்டுக் காகிதத்தில் தேதி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேதியும் இடமும் உள்ள ஒரு பூச்சி, அந்த ஆண்டில் அந்த மலையில் அது இருந்தது என்பதற்கு அழியாத சாட்சி. காபித் தோட்டத்து நிழல் மரங்கள் மாறின, பாக்சைட் வெட்டினார்கள், கட்டடங்கள் வந்தன. முன்பு எவை இருந்தன என்று கேட்டால் காட்ட இந்த மாதிரிப் பெட்டிகள்தான் இருக்கின்றன. தேதி இல்லாத பூச்சி பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அலங்காரம்தான். இதற்குச் சரியான இடம் சென்னை சாந்தோமில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், அல்லது எழும்பூரின் விலங்கியல் பிரிவு. சில வகைப் பட்டாம்பூச்சிகள் வனஉயிரினச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. அதனால் பெட்டி எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்பதைக் கடிதத்திலேயே தெளிவாக எழுதுங்கள்.

அதுவரை பெட்டியைத் திறக்காதீர்கள். கண்ணாடி வழியாகப் பாருங்கள். பூச்சிகளுக்குக் கீழே பழுப்பாகப் பொடி விழுந்திருந்தால் உள்ளே உயிருள்ள புழு தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். மியூசியங்களின் பெரிய எதிரி அது. மயிர் அடர்ந்த சின்னப் புழு. பெட்டியைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இடம் கொள்ளும் டீப் ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தால் செத்துவிடும். வெளியே எடுத்தபின் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் வேர்த்துவிடும். அந்துருண்டையைச் சும்மா உள்ளே போடாதீர்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அந்த உருண்டைகள் உருண்டு உருண்டு இறக்கைகளைப் பொடியாக்கிவிடும். பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தாமல் படுக்க வைத்து, அடியில் மெத்தென்று துணி கொடுத்து, யாராவது மடியில் வைத்துக் கொண்டுவருவது நல்லது.

கூடை, வள்ளம், பல்ப்பர் மூன்றும் பண்பாட்டுப் பக்கம். இதில் தயக்கம் வேண்டாம், மாவட்ட அருங்காட்சியகத்துக்கு இவைதான் பொருத்தம். கற்கோடாரி எழும்பூரில் ஏற்கெனவே இருக்கிறது. சேர்வராயன் மலையில் இருந்த ஒரு எஸ்டேட்டின் கைப் பல்ப்பரும், அதில் எத்தனை பேர் வேலை செய்தார்கள், என்ன கூலி என்று சொல்லும் கணக்குப் புத்தகமும் ஜோடியாக வேறு எங்கே கிடைக்கும்? இந்த மலைக்கு 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தது பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். பழம் பறித்தவர்களின் பெயர் இந்தக் கணக்குப் புத்தகங்களில்தான் இருக்கும். ஆகவே அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். மியூசியம் காகிதத்தை வாங்கத் தயங்கினால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள், பழைய அச்சும் ஏடும் படமாக்கிக் காப்பதில் அனுபவம் உள்ளவர்கள். கூடைகள் யார் பின்னியவை, எதற்குப் பயன்பட்டவை, சாமை தினை கொட்டி வைக்கவா, காபிப் பழம் பறிக்கவா என்பதை மேலே சொன்ன பெரியவர்களிடமே கேட்டு எழுதுங்கள். மலையின் ஈரத்தில் இருந்த மூங்கிலையும் மரத்தையும் கோடையில் சேலத்துக்குக் கொண்டுவந்து மொட்டை மாடி அறையில் வைத்தால் வெடித்துவிடும். நிழலான, காற்று அதிகம் அடிக்காத அறையில் பருத்தித் துணி சுற்றி வையுங்கள்.

கொடுக்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. "அன்பளிப்பாகத் தருகிறோம்" என்று கடிதம் எழுதி, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திடுங்கள். உங்கள் அண்ணன் உட்பட. பின்னால் ஒருவர் வந்து எனக்கும் பங்கு உண்டு என்று கேட்கும் வழக்குகள் உண்டு. "கண்டிப்பாகக் காட்சிக்கு வைக்க வேண்டும், தாத்தா பெயர் பலகை வேண்டும்" என்று நிபந்தனை போட்டால் மியூசியம் பின்வாங்கும். எந்த மியூசியத்திலும் காட்சிக்கு இருப்பது கொஞ்சம், இருப்பறையில் இருப்பதுதான் அதிகம். மூலையில் போட்டுவிடுவார்கள் என்று அண்ணன் சொல்வது அந்த இருப்பறையைப் பார்த்தாக இருக்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து, யார் கொடுத்தது, எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் வந்தது என்று எழுதுவார்கள். கல் என்றால் மறைவான ஒரு இடத்தில் சின்னதாக வார்னிஷ் பூசி, அதன் மேல் அந்த எண்ணை மையால் எழுதுவார்கள். பொருளைக் கொடுத்த அன்றே எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். சில மாதம் கழித்துப் பதிவேட்டு எண்ணைக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். எண் கொடுத்துவிட்டார்கள் என்றால் அது மாநிலத்தின் சொத்தாகப் பதிவாகிவிட்டது, அலமாரி எந்த மூலையில் இருந்தாலும் சரி. பதிவு செய்யவே ஆர்வம் காட்டாத இடமாக இருந்தால், கொடுக்காமல் எழும்பூருக்கு எழுதுங்கள்.

கடைசியாகக் காட்டெருமைத் தலை. இதில் முதலில் உடம்புக்கு ஒரு எச்சரிக்கை. பழைய காலத்தில் விலங்கின் தலையைக் கெடாமல் பதப்படுத்திப் பாடம் செய்யும்போது பூச்சி அரிக்காமல் இருக்கத் தோலில் ஆர்சனிக் கலந்த பசை பூசுவது வழக்கம். அந்த விஷம் ஆண்டுகள் போனாலும் போகாது. குழந்தைகளைத் தொட விடாதீர்கள், துடைப்பத்தால் தட்டித் தூசி கிளப்பாதீர்கள், எடுத்தே ஆக வேண்டும் என்றால் கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். பின்பக்கப் பலகையில் ஏதாவது சீட்டு, எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் படம் எடுங்கள். அந்தக் காலத்து எஸ்டேட் வீடுகளில் நிறையத் தலைகள் மைசூர் வான் இங்கன் குடும்பத்தாரிடம் பாடம் செய்தவை. அவர்கள் சீட்டு இருந்தால் காலத்தைச் சொல்ல உதவும்.

சட்டப்படி காட்டெருமை 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு. தலை, கொம்பு எதையும் வைத்திருக்க உரிமைச் சான்றிதழ் வேண்டும். தாத்தாவின் காகிதங்களில் வனத்துறை முத்திரையோடு அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். வாரிசாக வந்தவர் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சான்றிதழ் இருந்து வைத்துக்கொள்ள விருப்பம் இல்லை என்றால், அரசிடம் ஒப்படைக்க 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கிறது, இழப்பீடு கிடையாது. சான்றிதழ் இல்லை என்றால் நீங்களாகவே மியூசியத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. வக்கீலோடு போய்ச் சேலத்தில் மாவட்ட வன அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். பிறகு அதை எந்த மியூசியத்துக்கு அனுப்புவது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கோயம்புத்தூரில் 1902இல் தொடங்கிய கேஸ் வன அருங்காட்சியகம் போன்ற இடங்கள் இருக்கின்றன.

வீட்டை வாங்குபவர் "சுவரில் இருப்பதெல்லாம் அப்படியே இருக்கட்டும், சேர்த்து விலை போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இதற்கு மட்டும் சம்மதிக்கவே கூடாது. பணத்துக்கு அந்தத் தலையைக் கைமாற்றுவது குற்றம், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் சேர்த்துத்தான். கிரயப் பத்திரத்தில் தளவாடப் பட்டியல் எழுதும்போது தலையைச் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தை பிறக்கும் முன் வனத்துறைக்குக் கடிதம் போய்ச் சேர்ந்து ஒப்புகை கையில் இருக்கட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் அவகாசம் உண்டு, இதற்கு இல்லை.